ஃபியூஸ் கட்டை என் பையில்தான் இருந்தது

எனக்கு ஓய்வு கொடுத்து அனுப்பிய நாளில் மேடையில் பேசிய நாலு பேரும் ஒரே பொய்யைச் சொன்னார்கள். "இத்தனை வருஷ சர்வீஸில் ஒரு விபத்துகூட இல்லாமல் வேலை பார்த்தவர்" என்றார்கள். கழுத்து நிறைய மாலை இருந்ததால் நானும் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விபத்து என்று எந்த நோட்டிலும் ஏறவில்லை, அது மட்டும் உண்மைதான். ஆனால் நோட்டில் ஏறாத ஒன்று இருக்கிறது. லைன் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே, அதை உங்களிடம் சொல்லாமல் போனால் இத்தனை வருஷம் வாங்கித் தின்ற சம்பளம் எனக்குச் செரிக்காது.

வீரக்கதை ஒன்றும் இல்லை. வீட்டு வெளிச்சுவரில் தொங்கிக்கொண்டிருந்த ஒரு சர்வீஸ் பெட்டியைத் திரும்ப மாட்டிய கதை. மீட்டரும் மெயின் சுவிட்சும் உள்ளே இருக்குமே, கம்பத்திலிருந்து வருகிற ஒயர் வந்து சேருமே, அந்தப் பெட்டி. உங்களில் பாதிப் பேர் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே இப்படி ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். "இது என்ன பிரமாதம், நாலு போல்ட்டு" என்று நினைத்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அப்போது எனக்கு ஓய்வுக்கு ஒரு வருஷம்தான் பாக்கி. அனுபவம் ஏறிக்கொண்டே போகும்போது அறிவும் கூடவே ஏறும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஐப்பசி மழை ஒரு வாரமாகக் கொட்டி, அன்று காலையில்தான் தூறலாகக் குறைந்திருந்தது. திருவொற்றியூரில் கடலை ஒட்டிய ஒரு குப்பத்துத் தெரு. நானும் கன்னியப்பனும் ஏணியைத் தூக்கிக்கொண்டு போனோம். கன்னியப்பன் அதற்குள் என்னோடு பத்தொன்பது வருஷம் ஜோடியாக வேலை பார்த்திருந்தான். ஒருவன் கம்பத்தில், ஒருவன் கீழே. யார் மேலே, யார் கீழே என்று நாங்கள் பேசிக்கொள்வதுகூடக் கிடையாது. அவனுக்கு உயரம் பிடிக்கும், எனக்கு முழங்கால் வலி. அப்படியே அமைந்துவிட்டது.

புகார் கொடுத்தது வசந்தா என்கிற மீன் விற்கிற அம்மா. வாசலிலேயே நின்றிருந்தார்.

"இன்னா நைனா, மூணு நாளா போன் போட்டுகினு கீறேன். இப்பதான் வழி தெரிஞ்சுதா?"

"மழையில கம்பம் சாஞ்ச எடத்துக்கெல்லாம் ஓடிகினு இருந்தோம்மா. எங்க, பெட்டியக் காட்டு."

காட்டினார். கடல் காற்றில் இரும்புக்கு ஆயுசு கம்மி என்பது தெரிந்ததுதான். ஆனால் அந்தப் பெட்டியின் பின்பக்கம் அப்பளம் மாதிரி உதிர்ந்திருந்தது. சுவர் அதைவிட மோசம். கடல் மணலைக் கலந்து யாரோ எந்தக் காலத்திலோ பூசிய பூச்சு, விரலால் சுரண்டினால் மாவாகக் கொட்டியது. மூன்று திருகாணி போய், ஒற்றைத் திருகாணியிலும் உள்ளே நுழையும் ஒயரிலுமாகப் பெட்டி தொங்கிக்கொண்டிருந்தது. காற்று அடிக்கும்போதெல்லாம் அது ஆட, ஒயரின் மேல்தோல் தகர விளிம்பில் அறுபட்டுக்கொண்டே இருந்தது. போதாததற்கு, துணி காயப்போடும் கம்பியை அதன் கிளாம்பில் கட்டியிருந்தார்கள். ஆனால் பெட்டி கீழே விழாமல் இருந்ததற்குக் காரணம் வேறு. வலைக்குப் போடும் நைலான் கயிற்றால் அதை ஜன்னல் கம்பியோடு சேர்த்து இழுத்துக் கட்டியிருந்தார்கள். நல்ல முடிச்சு.

"இத்த யாரு கட்டினது?"

"நான்தான். ரப்பர் செருப்பு போட்டுகினுதான் கட்டினேன். கை பட்டதும் சுருக்குனு இழுத்துச்சு, அதுக்கப்புறம் புள்ளைங்கள அந்தாண்டயே உடல."

செருப்பைப் பற்றிச் சொன்னபோது அவர் முகத்தில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. நான் ஏசினேன். ஏசியதில் பாதி பயம். அந்த அம்மா உயிரோடு நின்று எனக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்ததே பெரிய விஷயம்.

"சரி, கரண்ட்ட நிறுத்திட்டு மாட்டிடறோம்" என்றேன். அதுவரை படபடவென்று பேசிக்கொண்டிருந்தவர் என் கையைப் பிடித்து ஜன்னலண்டை இழுத்துக்கொண்டு போனார்.

உள்ளே கட்டிலில் அவர் கணவர் தேசிங்கு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். துறைமுகத்தில் நிலக்கரி இறக்குகிற பெல்ட்டில் வேலை பார்த்தவர், நுரையீரல் போய்விட்டது. மூக்கில் குழாய். குழாய் போய்ச் சேருமிடத்தில், தரையில், காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கிற மெஷின் ஒன்று உர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. அது கரண்ட்டில் ஓடுவது.

"அது நின்னா அவரு தாங்க மாட்டாரு நைனா. நிறுத்தாம பண்ணு. உனுக்குத் தெரியாத வேலையா?"

இங்கே உங்களிடம் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். எனக்குத் தெரியாத வேலை இல்லை. எங்கள் காலத்து ஆட்கள், கரண்ட் நெஞ்சு வழியாகப் பாயாமல் இருக்க, இடது கையை முதுகுக்குப் பின்னால் மடக்கிக்கொண்டு, வலது கையால் மட்டும் ஓடுகிற லைனில் வேலை செய்வோம். அதில் எங்களுக்கு ஒரு மிதப்பு. அப்படிச் செய்யாதவனைப் பயந்தாங்கொள்ளி என்போம். அன்று அந்த அம்மா என் கையைப் பிடித்துக் கேட்டபோது, என் இடது கை தானாகவே முதுகுக்குப் பின்னால் போனது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் போனது. சுவர் ஈரம், தரை ஈரம், பெட்டி ஆடுகிறது, தோல் அறுந்த ஒயர். இது எல்லாம் என் கண்ணுக்கு முன்னால் இருந்தது. அந்த மெஷின் சத்தம் மட்டும்தான் காதில் விழுந்தது.

அப்போது உள்ளேயிருந்து தேசிங்கு கையைத் தூக்கினார். ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கியது.

"நிறுத்திட்டு... செய்யி. நான் தாங்குவேன். ஓடுற பெல்ட்டுல... கைய வுட்டவனுங்கள... பாத்துகீறேன்."

வசந்தா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். முதுகுக்குப் பின்னால் இருந்த என் கை முன்னால் வந்தது. மூச்சுக்கே திணறுகிற மனுஷன் என் உயிரைப் பற்றி யோசித்தார்.

அதற்கப்புறம் யோசனை ஒழுங்காக வந்தது. வீட்டில் சின்ன சிலிண்டர் ஒன்று இருந்தது. கொஞ்ச நேரம்தான் வரும், அவசரத்துக்கு என்று ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பக்கத்து வீட்டு மஸ்தான் பாய் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு தன் வாசலில் நின்றிருந்தார். ராயபுரத்தில் படகுப் பட்டறையில் வெல்டராக இருந்தவர். அவர் வீட்டுக்கு வேறு ஃபேஸிலிருந்து, அதாவது வேறு லைனிலிருந்து கரண்ட், நாங்கள் நிறுத்தினாலும் அவர் வீட்டில் இருக்கும். முதலில் தேசிங்குக்குச் சிலிண்டர், பிறகு பாய் வீட்டிலிருந்து கரண்ட் எடுத்து மெஷினை ஓட விடுவது, நாங்கள் நிதானமாக வேலையை முடிப்பது. இதுதான் ஏற்பாடு.

"நீங்க போங்க தம்பி. கரண்ட்டு குடுக்கறத நான் பாத்துக்கறேன். எத்தினி புயல் பாத்துகீறோம், எங்குளுக்குத் தெரியாதா?" என்றார் பாய்.

"சரி பாய்" என்றேன்.

அந்த இரண்டு வார்த்தைதான் நான் செய்த தப்பு. எப்படிக் கொடுப்பீர்கள் என்று நான் கேட்கவில்லை.

தெருமுனையில், நாலு வீடு தள்ளி, தெருவுக்கெல்லாம் கரண்ட் பிரிந்து போகிற பில்லர் பெட்டி. அங்கே முதலில் என் டெஸ்ட் லேம்ப்பை, ஒரு பல்பும் இரண்டு ஒயரும்தான் அது, உயிருள்ள லைனில் வைத்து எரிகிறதா என்று பார்த்தேன், எரிந்தது. தேசிங்கைச் சிலிண்டருக்கு மாற்றிவிட்டதாக வசந்தா வாசலிலிருந்து கையைக் காட்டியதும், அந்த ஃபேஸின் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கினேன். மறுபடி வைத்துப் பார்த்தேன், எரியவில்லை. கட்டையை என் தோள்பையில் போட்டுக்கொண்டேன். நம் தொழிலில் இது ஒரு கட்டுப்பாடு, உங்களுக்கும் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். பிடுங்கிய கட்டையைப் பெட்டி மேல் வைக்கக் கூடாது, யாரிடமும் கொடுக்கக் கூடாது. வேலை செய்கிறவன் பையில்தான் இருக்க வேண்டும். யாரோ ஒரு புண்ணியவான் வந்து திரும்பச் செருகிவிட்டால் மேலே இருப்பவன் கதை முடிந்துபோகும். கட்டை யார் பையில் இருக்கிறதோ அவன்தான் லைனுக்குச் சொந்தக்காரன் என்போம். நல்ல கட்டுப்பாடுதான். நான் அதை மட்டும் நம்பினேன், அதுதான் பிசகு.

கன்னியப்பன் வீட்டுக்கு எதிரே இருந்த சிமெண்ட் கம்பத்தில் மூங்கில் ஏணியைச் சாத்தி ஏறினான். கம்பத்தில் அந்த வீட்டு ஒயரின் முனையும் உப்பு தின்று வெளுத்துப் போயிருந்ததால், அதையும் அவிழ்த்துச் சுரண்டிச் சுத்தமாக முடுக்க வேண்டியிருந்தது. "அவுத்துட்டேன் மாமு" என்று மேலேயிருந்து குரல் கொடுத்தான். நான் பெட்டியண்டை வந்தேன்.

உள்ளே மெஷின் உர்ரென்று ஓடுகிற சத்தம். பாய் சொன்னபடி செய்துவிட்டார் என்று நிம்மதியாக இருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தேசிங்கு மூச்சு விட்டுக்கொண்டிருந்தார், அவர் தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

மின்விசிறி சுற்றியது, தம்பி. நான் கரண்ட் நிறுத்திய வீட்டில். கண் அதைப் பார்த்தது, புத்தி பார்க்கவில்லை. "நல்ல வேளை, காத்தாடி ஓடுது, அவருக்குப் புழுக்கம் இருக்காது" என்றுகூட நினைத்தேன். அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை நுழையாது என்பார்களே, எனக்கு அன்று புத்தியே நுழையவில்லை. வேலை தெரியாதவன் அந்த மின்விசிறியைப் பார்த்திருந்தால் கேட்டிருப்பான். எனக்கு எல்லாம் தெரியும் என்பதால் கேட்கவில்லை.

ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறினேன். முதல் வேலை, பெட்டிக்குள் இருக்கும் மெயின் சுவிட்சை இறக்குவது. டெஸ்ட் லேம்ப் பையில்தான் இருந்தது, எடுக்கவில்லை. பிடுங்கியது நான், பில்லர் பெட்டியில் வைத்துப் பார்த்ததும் நான், கட்டையும் என் பையில். கையை நீட்டினேன்.

"இன்னா நைனா, அந்த பல்ப வச்சிப் பாக்க மாட்டியா? அங்க பாத்தியே" என்றார் வசந்தா கீழேயிருந்து.

"கட்டை என் பையிலதாம்மா கீது. லைனு செத்துப்போச்சு."

"செத்துப்போச்சுன்னா? திருக்கை மீனு செத்து ரெண்டு நாளு ஐஸ்ல கெடக்கும். அதோட வால் முள்ளு பட்டா அப்பவும் வெசந்தான். நானே வால வெட்டிட்டுத்தான் கூடைல கைய வெப்பேன். நீ இன்னாடான்னா..."

எனக்கு எரிச்சல்தான் வந்தது. மீன் விற்கிறவர் எனக்குத் தொழில் சொல்லித் தருகிறாரே என்ற எரிச்சல். அவர் வாயை அடைக்கத்தான் லேம்ப்பை எடுத்தேன். "தோ, நல்லாப் பாத்துக்க" என்று இரண்டு ஒயரையும் பெட்டிக்குள் வைத்தேன்.

விளக்கு பளீரென்று எரிந்தது.

இது யார் கரண்ட்? கட்டை என் பையில் இருக்கிறது, தொட்டுப் பார்த்தேன், இருக்கிறது. அப்புறம்தான் மண்டையில் உறைத்தது. இந்தப் பெட்டியில் கரண்ட் இருந்தால், பெட்டியிலிருந்து கம்பத்துக்குப் போகிற ஒயரிலும் இருக்கும். அந்த ஒயரின் முனை கன்னியப்பன் கையில் இருக்கிறது.

"கன்னியப்பா! ஒயர உடு! கைய எடு!"

என் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று எனக்கே தெரியாது. அவன் கையுறையைக் கழற்றி இடுப்பில் செருகியிருந்தான். முனையைச் சுரண்டக் கையுறை தோதுப்படாது, அதுவும் இல்லாமல் கீழே நிற்பது நான். ஒயரின் மேல்தோலில் குறடு, இன்னொரு கையில் கத்தி. கத்தி முனைக்கும் ஒயரின் நுனிக்கும் நடுவில் ஒரு விரற்கடை இருந்திருக்கும் என்று பிற்பாடு சொன்னான். ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. விட்டான். இரண்டு ஒயர் முனைகளும் கீழே வரும்போது ஒன்றோடொன்று உரசின. பட்டென்று ஒரு பொறி, பாய் வீட்டுக்குள் டொப்பென்று ஒரு சத்தம்.

மெஷின் நின்றது.

அந்த அமைதி இருக்கிறதே, அதை மறக்க முடியாது. வசந்தா ஓடினார். "செவுத்தத் தொடாத, நேரா சிலிண்டராண்ட போ!" என்று கத்தினேன். அவர் சிலிண்டரைத் திறந்து குழாயை மாற்றிப் போடுவதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஆஸ்பத்திரியில் ஒரு முறைதான் செய்து காட்டினார்களாம், ஒரு இடத்தில்கூடக் கை தடுமாறவில்லை. தேசிங்கின் நெஞ்சு ஏறி இறங்கியது.

பாய் வெளியே வந்தார். "இன்னா தம்பி ஆச்சு? எங்க வூட்ல பீஸ் போச்சே!"

அவர் ஜன்னலிலிருந்து வசந்தா வீட்டு ஜன்னலுக்கு ஒரு ஒயர் போயிருந்தது. உள்ளே போய்ப் பார்த்தேன். அந்த ஒயரின் இரண்டு முனையிலும் பிளக். ஒரு பிளக் பாய் வீட்டுச் சுவரில், இன்னொரு பிளக் வசந்தா வீட்டுச் சுவரில். அந்தத் தெருவில் அதுதான் வழக்கமாம். புயல் வந்து ஒரு வீட்டில் கரண்ட் போனால், இருக்கிற வீட்டுக்காரர் இப்படி ஒயரைக் கொடுத்துவிடுவார். மெஷினுக்கு மட்டும் என்ன, வீடு முழுக்க விளக்கும் மின்விசிறியும் ஓடும். சுவரிலிருந்து கரண்ட் வெளியே வருவதுதான் நமக்குத் தெரியும். அதே துளை வழியாக உள்ளே போய், மெயின் சுவிட்சைத் தாண்டி, மீட்டரைத் தாண்டி, கம்பம் வரைக்கும் போகும் என்பது அவர்களுக்கு யார் சொன்னது? இத்தனை புயலில் யாரும் சாகாமல் இருந்தது அந்தத் தெருவின் அதிர்ஷ்டம். எங்கள் ஆட்களின் அதிர்ஷ்டமும்தான்.

எனக்கு வந்த கோபத்தில் பாயின் வயசுகூடத் தெரியவில்லை. "ஆளக் கொன்னுட்டு இருப்பீங்களே பாய்! அறிவு வேணாமா?" என்று கத்தினேன். "அந்தாளு மூச்சுக்குத்தான் தம்பி குடுத்தேன்... காத்தாடியும் ஓடட்டும்னு..." என்று சொல்லிக்கொண்டே பாய் வாசப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

அதற்குள் கன்னியப்பன் இறங்கி வந்திருந்தான். முகம் வெளிறியிருந்தது, ஆனால் குரல் நிதானமாக இருந்தது.

"பாய இன்னாத்துக்கு மாமு ஏசற? அவரு கரண்ட்டு குடுத்தாரு. எப்டி குடுக்கறாருன்னு பாக்க வேண்டியது நம்ம வேல."

செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. நான் போய்ப் பாயின் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன். "எம்மேலதான் பாய் தப்பு. நான் கேட்டிருக்கணும்" என்றேன். அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு நடந்ததையெல்லாம் வேகமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் சரியாக நடந்த வேலையில் சொல்ல அதிகம் இருக்காது. பாயின் ஒயரில் ஒரு முனைப் பிளக்கை அறுத்துவிட்டு, அங்கே சாக்கெட் வைத்தேன். மெஷின் அதில் நேராகச் செருகப்பட்டது, வீட்டுச் சுவருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பாய் வீட்டு ஃபியூஸைக் கட்டினதும் மெஷின் ஓடியது, மின்விசிறி அசையவில்லை. அது சுற்றாமல் நின்றதைப் பார்த்து அன்று நான் பட்ட சந்தோஷம் எனக்குத்தான் தெரியும். பெட்டியில் லேம்ப்பை வைத்துப் பார்த்தேன், கம்பத்து முனையிலும் வைத்துப் பார்த்தேன். இரண்டு இடத்திலும் எரியவில்லை. அப்புறம்தான் கை வைத்தோம். உதிர்கிற பூச்சில் மறுபடி ஆணி அடிக்கிற முட்டாள்தனத்தைச் செய்யாமல், இரண்டடி தள்ளிக் கான்கிரீட் தூணைத் தேடிப் பிடித்து, துருப்பிடிக்காத ஃபைபர் பெட்டியை அதில் மாட்டினோம். அதைத் தாங்குவதற்கு ஒரு சட்டம் வேண்டியிருந்தது. "ஒரு அரை மணி குடுங்க தம்பி" என்று எழுந்து போன பாய், பட்டறையிலிருந்து எப்போதோ கொண்டுவந்து வைத்திருந்த ஸ்டீல் பட்டையை வளைத்து, துளை போட்டு, எடுத்து வந்தார். அளவு அப்படிப் பொருந்தியது. துணிக் கம்பியை வசந்தாவே வெட்டிச் சுருட்டி எறிந்தார்.

ஃபியூஸ் கட்டையைத் திரும்பச் செருகிவிட்டு வந்தபோது, தேசிங்கு ஜன்னல் பக்கம் திரும்பி எங்களைப் பார்த்துக் கையை மட்டும் அசைத்தார். நாங்கள் கிளம்பும்போது வசந்தா ஒரு பையில் இறாலைப் போட்டுக் கொடுத்தார். வேண்டாம் என்றால் ஏசுவார் என்று வாங்கிக்கொண்டோம். மஸ்தான் பாய் அந்த வாரமே தெருவில் வீடு வீடாகப் போய், இரண்டு பக்கமும் பிளக் வைத்த ஒயர்களையெல்லாம் கேட்டு வாங்கி, ஒரு முனையை அறுத்து சாக்கெட் மாட்டிக் கொடுத்தாராம். ஒன்பது ஒயர் கிடைத்தது என்று போனில் சொன்னார். ஒவ்வொரு வீட்டிலும் டீ குடித்துச் சர்க்கரை ஏறிவிட்டதாக அவர் வீட்டம்மா பின்னாலிருந்து கத்துவதும் கேட்டது.

ஆனால் எனக்கு அன்றைய வேலை முடியவில்லை. திரும்பி வரும் வழியில் விம்கோ நகர் டீக்கடையில் உட்கார்ந்தோம். கடைக்காரர் எங்களுக்குப் பழக்கம். கன்னியப்பன் அவரிடம் நடந்ததைச் சொல்லிவிட்டு, என் தோளைத் தட்டி, "எம் மாமு டெஸ்ட் பண்ணாம கைய வெக்க மாட்டான். அதான் நான் இன்னிக்கி உக்காந்து டீ குட்ச்சிகினு கீறேன்" என்றான்.

கடைக்காரர் என்னைப் பெரிய மனுஷனைப் பார்ப்பது போலப் பார்த்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை. வசந்தா ஒன்றும் கன்னியப்பனிடம் வந்து சொல்லப் போவதில்லை. ஆனால் மனசு ஒப்பவில்லை. இவனுக்கு இரண்டு பெண்கள், மூத்தவளுக்கு என் மடியில் உட்கார்த்தித்தான் காது குத்தினார்கள். பொய்யான நம்பிக்கையோடு இவன் நாளைக்கும் ஏணியில் ஏறுவான். அதைவிட இவன் என்னைக் காறித் துப்பினால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது.

"நான் டெஸ்ட் பண்ணலடா" என்றேன். "அந்தம்மா சொன்னதாலதான் லேம்ப்ப எடுத்தேன். அதுவும் அவங்க வாய அடைக்க. அவங்க சொல்லலன்னா நான் போயிருப்பேன். என்னோட நீயும் போயிருப்ப."

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். கடலைப் பார்த்தான். எழுந்து போய் ஏணியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, எனக்காக நிற்காமல் நடந்தான். வீட்டில் அன்று இறால் குழம்பு. அதைச் சோற்றில் பிசைந்துகொண்டே, காலையில் வேறு ஆளோடு போகிறேன் என்று அவன் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். சொல்ல அவனுக்கு எல்லா நியாயமும் இருந்தது.

காலையில் வந்தான். வழக்கம் போல ஏணியின் முன்பக்கத்தை அவன் பிடித்தான், பின்பக்கத்தை நான் பிடித்தேன். கத்திவாக்கத்தில் ஒரு கம்பத்தில் வேலை. கட்டையைப் பிடுங்கிப் பையில் போட்டேன், டெஸ்ட் பண்ணினேன், ஏணியைச் சாத்தினேன். முதல் படியில் காலை வைத்தவன் நின்றான்.

"டெஸ்ட் பண்ணியா?"

பத்தொன்பது வருஷத்தில் அவன் என்னிடம் கேட்காத கேள்வி. தெருவில் பத்துப் பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுருக்கென்றுதான் இருந்தது.

"பண்ணிட்டேன்."

"எங் கண்ணு முன்னால பண்ணு."

பண்ணினேன். உயிருள்ள லைனில் எரிந்தது, நாங்கள் தொடப் போகிற லைனில் எரியவில்லை. அவன் குனிந்து, பல்பையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கையுறையை மாட்டிக்கொண்டு ஏறினான். பாதி ஏணியில் நின்று கீழே பார்த்தான்.

"கோவமா மாமு?"

"இல்லடா" என்றேன். "நாளைக்கும் கேளு."